தேக்கா மாடித் தையற்கடைக்காரர்களுக்கு: லேசருக்கு முன் துணியை நீங்கள் பாருங்கள்

சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் மேல்மாடியிலும் சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருக்களிலும் தையற்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

லேசர் கதிரால் பெயர்ப்பலகையும் நினைவுக் கேடயமும் பொறித்துக் கொடுப்பது என் தொழில். அக்ரிலிக், மரம், தோல் இவைதான் வழக்கமாக என் மேசையில் கிடப்பவை. கொஞ்ச காலமாகத் துணியும் வருகிறது. ஜீன்ஸ் ஜாக்கெட்டின் முதுகில் கோலம் வேண்டும் என்கிறார்கள். தீபாவளிக்கு வெல்வெட் பிளவுஸில் மயில் கேட்கிறார்கள். பட்டுச்சேலை முந்தானையில் மணமக்கள் பெயரைப் பொறிக்க முடியுமா என்று கேட்டவரும் உண்டு. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார், அங்கே ‘முடியும்’ என்று சொல்ல ஆள் இருந்திருக்கும். அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கதிர் தெரியும், துணி தெரியாது. உங்களுக்குத் துணி தெரியும். எந்தத் துணி லேசருக்குப் போகலாம், எது போகக்கூடாது என்ற முடிவு உங்கள் கடையில்தான் எடுக்கப்பட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கையில் இந்த வேலை மொத்தமாக வந்து சேர்ந்தால், நாசமாகப் போவது வாடிக்கையாளரின் துணிதான்.

முதலில் ஜீன்ஸ். லேசருக்கு இதைவிடத் தோதான துணி இல்லை. இதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த நீலமும் நூலின் உள்ளே இறங்குவதில்லை; இண்டிகோ சாயம் மேலோடு படிய, நடு வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. நாங்கள் வைத்திருப்பது கரியமில வாயு லேசர். அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. பருத்தி, பாலியெஸ்டர், தோல் எல்லாமே அதை நன்றாக உள்வாங்கும். கதிர் பட்ட இடத்தில் மேல்சாயம் ஆவியாகி, உள்ளிருக்கும் வெண்மை தெரிகிறது. குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் ஜெர்சிக்குப் பெயர் ஒட்டுவார்களே, அது துணியின் மேல் ஒன்றைச் சேர்க்கும் வேலை. இது துணியிலிருந்து கொஞ்சம் எடுக்கும் வேலை. உரிந்துபோக எதுவும் இல்லை. தப்பாகிவிட்டால் அழிக்கவும் வழியில்லை.

பெரிய ஆலைகள் லேசருக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஜீன்ஸுக்குப் பழைய தோற்றம் கொடுக்க மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். துருக்கியில் அந்த வேலை பார்த்த இளைஞர்கள் பலருக்கு நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து சிலிகோசிஸ் என்ற நோய் வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். 2009ல் அந்த நாடு அதைத் தடைசெய்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்து வெளுக்க வைக்கும் முறையும் இருந்தது. லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் 2018ல் லேசர் முறையைப் பரவலாக்கப்போவதாக அறிவித்தபோது, கையால் நெடுநேரம் தேய்த்துச் செய்ததை ஏறக்குறைய 90 நொடியில் முடிக்கலாம் என்றது. அந்தக் கதிரின் சின்ன வடிவம்தான் எங்கள் மேசைமேல் இருப்பது. மணல் தூசி போனது நல்லது. ஆனால் லேசரும் புகைவிடும் என்பதை விளம்பரப் படங்களில் காட்டுவதில்லை.

ஜீன்ஸிலும் எல்லாம் ஒன்றல்ல. இப்போது வருவதில் பாதிக்குமேல் இழுபடும் ரகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் ரப்பர் போன்ற இழை பெரும்பாலும் ஊடையில்தான் இருக்கும். சக்தி கொஞ்சம் கூடினால் கதிர் பாவைத் தாண்டி ஊடையைத் தொட்டு, அந்த இடம் தொய்ந்துவிடும். கறுப்பு ஜீன்ஸின் சாயமே வேறு, சுட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. இதையெல்லாம் விரலால் தொட்டே கண்டுபிடிப்பவர்கள் நீங்கள். நான் லேபிளைத் தேடுகிறேன், அதையும் பாதிப் பேர் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

வெள்ளைப் பருத்தி வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல் பழுப்பு விழும், நான்கு சலவையில் அந்த இடம் கிழியும். பட்டு வேண்டவே வேண்டாம். முடி கருகும் நாற்றத்தோடு இழை பொடியாகிவிடும். ஜரிகையோ இன்னும் மோசம். அசல் வெள்ளி ஜரிகை கதிரைத் திருப்பியடிக்கும், பிளாஸ்டிக் ஜரிகை உருகிச் சுருளும். பாலியெஸ்டர் வெல்வெட்டில் மட்டும் இழைகள் படிந்து, பளபளப்பு மாறி, அழகான நிழல் உருவம் கிடைக்கும். பாலியெஸ்டர் சாட்டினையும் ஆர்கன்சாவையும் லேசரால் வெட்டினால் ஓரம் உருகி மூடிக்கொள்ளும், நூல் பிரியாது. ஆரி வேலை பிளவுஸுக்கு ஒட்டுத்துணியாக இலையும் பூவும் வெட்டிக்கொள்ள இது அருமையான வழி. மூடிய ஓரம் கடினமாக இருக்கும், ஆகவே கழுத்திலும் அக்குளிலும் வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். ‘லெதர் மாதிரி’ என்று வரும் ரெக்சினை, அது என்னவென்று உறுதியாகத் தெரியாமல், யார் கேட்டாலும் லேசருக்கு அனுப்பாதீர்கள். அது பிவிசி பிளாஸ்டிக் என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலை அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி, அந்த ரெக்சின் ஓரத்தில் தொட்டு, காற்றோட்டமான இடத்தில் மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் அதில் குளோரின் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோலம் கேட்டு வருபவர்கள் பெருகுவதால் அதைப் பற்றியும் கொஞ்சம். சிக்குக் கோலத்தை ஒற்றைக் கோடாக ஓட்டினால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கதிர் இரண்டு முறை விழும். அங்கே ஓட்டை விழ வாய்ப்புண்டு. படமாக மாற்றி வரிவரியாகச் சுட்டால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்தில் வேறு சங்கடம். சில மென்பொருள்களுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே முதுகில் ஏறிவிடும். நம் நிகழ்ச்சிகளிலேயே அப்படிப்பட்ட டி-சட்டைகளைப் பார்த்து நெளிந்திருக்கிறேன். எழுத்தை உருவரையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றித்தான் கோப்பை வாங்க வேண்டும், சுடுவதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஜீன்ஸின் சாய்வரியில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுத்து பெரிதாக இருப்பது நல்லது.

வீட்டில் தைக்கும் சகோதரிகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் லேசரை வாங்கி வைக்க ஆசைப்படலாம். வேண்டாம் என்பதே என் எண்ணம். வீட்டுத் தொழிலில் புகையும் நாற்றமும் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாகக் கூடாது என்று விதி இருக்கிறது. சக்தி மிகுந்த லேசர்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிம விதிகளும் உண்டு. அதற்கெல்லாம் மேலாக, துணி தீப்பிடிக்கும். ஓடும் இயந்திரத்தை விட்டுவிட்டு நான் தண்ணீர் குடிக்கக்கூடப் போவதில்லை.

ஆகவே ஆர்டரை நீங்கள் பிடியுங்கள், விலையையும் நீங்களே சொல்லுங்கள். வெட்டிய துணியைத் தைப்பதற்கு முன்பே, தட்டையாக எங்களிடம் அனுப்புங்கள். தையல் மடிப்பும் பொத்தானும் ஜிப்பும் இருந்தால் துணியின் உயரம் மாறி, கதிரின் குவியம் தப்பிவிடும். துணி கெட்டால் யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே இரண்டு வரி எழுதிக்கொள்வோம், பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

தீபாவளி நெரிசலில் உங்களுக்கு நிமிர நேரமிருக்காது. அது முடிந்த பிறகு, வெட்டி ஒதுக்கிய துண்டுகளை ரகவாரியாகப் பிரித்து, என்ன துணி என்று சீட்டு குத்தி, ஒரு பையில் போட்டு வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு துண்டிலும் வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றிச் சின்னக் கட்டங்களாகச் சுட்டு, எண் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். பாதியைத் துவைத்துப் பார்த்துவிட்டு, தேறியதைக் கடையில் தொங்கவிடுங்கள். வாடிக்கையாளர் அதைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை பொறிக்கும் உங்கள் தம்பி