ஒரு செல்லுல எல்இடி எரியாதுங்க, ஆனா எரிய வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சிறுவர் பக்கத்துல "நீங்களே செய்யலாம்"னு ஒரு டார்ச் படம் போட்டிருந்தீங்க, ஒரே ஒரு பென்சில் செல், ரெண்டு ஒயர், ஒரு வெள்ளை எல்இடி, அவ்ளோதான். எங்க வீட்டு பேரன் அப்படியே செஞ்சு பார்த்துட்டு எரியலன்னதும் எல்இடி ஃபியூஸ் போயிடுச்சு தாத்தான்னு மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு வந்தான். எல்இடி நல்லாத்தான் இருக்கு, தப்பு படத்துல. புது செல்லே 1.5 வோல்ட் தான், வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டாவது வேணும், சிவப்புக்கே 1.8 கிட்ட வேணும். நேரா கொடுத்தா எப்படிங்க எரியும்.

இப்ப நீங்க "ஒரு செல்லுக்கு பதில் ரெண்டு செல் என்று படிக்கவும்"னு ஒரு வரி திருத்தம் போட்டு முடிச்சிடுவீங்கன்னு தெரியும், அதுக்குத்தான் அவசரமா எழுதுறேன். ஒரு செல்லுலயே எரிய வைக்க வழி இருக்கு. ஜூல் தீஃப்னு சொல்வாங்க, சக்தித் திருடன்னு அர்த்தம். 1999ல இங்கிலாந்துல எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில கபார்னிக்னு ஒருத்தர் இந்த மாதிரி சர்க்யூட் எழுதினார், அதுவும் வாசகர்கள் அனுப்புற பகுதியில வந்தது தான், ஜூல் தீஃப்ங்கிற பேரு பின்னாடி வேற ஆள் வச்சது.

சாமான் ஒண்ணும் பெருசில்ல. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் (கரண்டை திறந்து மூடுற குழாய் மாதிரி, கலெக்டர், பேஸ், எமிட்டர்னு மூணு கால் இருக்கும்), கரண்டை மட்டுப்படுத்துற 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு சின்ன ஃபெர்ரைட் ரிங், அதாவது ஒயர் சுத்துற காந்தப் பொருள் வளையம். ரிங் பழைய சிஎஃப்எல் பல்பு போர்டுல இருக்கும், ஆனா பெரியவங்க தான் கழட்டணும், டியூப் உடைஞ்சா உள்ள பாதரசம். அதுல ரெண்டு ஒயரை சேர்த்து புடிச்சு 10, 12 சுத்து சுத்தணும். முதல்ல நான் எனாமல் கம்பில சுத்தினேன், ரெண்டும் ஒரே கலர், எது ஆரம்பம் எது முடிவுன்னு குழம்பி மாத்தி கொடுத்துட்டேன், ஒரு மணி நேரம் இருட்டுதான், நாப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்த கை! அப்புறம் பழைய டெலிபோன் கேபிள் உரிச்சு நீலம் ஒண்ணு வெள்ளை ஒண்ணு எடுத்து சுத்தினேன். நீலத்தோட முடிவும் வெள்ளையோட ஆரம்பமும் சேர்ந்து செல் பிளஸ்ஸுக்கு போகணும், மிச்சம் இருக்கிற ஒரு முனை நேரா கலெக்டருக்கு, இன்னொண்ணு ரெசிஸ்டர் வழியா பேஸுக்கு. எமிட்டர் மைனஸுக்கு. எல்இடியோட நீளக் கால் கலெக்டர்ல, குட்டைக் கால் எமிட்டர்ல.

எப்படி எரியுதுன்னா, மோட்டார் ஓடும்போது குழாயை பட்டுன்னு மூடினா பைப் டம்முனு அதிருமே, ஓடுற தண்ணியோட வேகம் அழுத்தமா மாறுது, அதே கதை தான். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது ரிங்ல சுத்தின ஒயர்ல, அதாவது காயில்ல, கரண்ட் ஏறுது, சட்டுனு மூடினதும் காயில் வோல்டேஜை தூக்கி எல்இடிக்குள்ள தள்ளுது. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடக்கிறதால கண்ணுக்கு விட்டு விட்டு எரியறது தெரியாது. எல்இடி இல்லாம மட்டும் செல்லை போட்டுடாதீங்க, தூக்குற வோல்டேஜ் போக வழியில்லாம டிரான்சிஸ்டரையே காலி பண்ணிடும்.

சுவர் கடிகாரத்துல ஓடாம நின்னுபோன செல்லை மீட்டர்ல பார்த்தா 1.1 வோல்ட் காட்டுச்சு. அதை போட்டதும் எரிஞ்சுது, பேரன் கத்தின கத்துல பக்கத்து வீட்டுல எட்டிப் பார்த்தாங்க. ராத்திரி 8 மணிக்கு வச்சது, காலைல 6 மணிக்கும் மின்மினி மாதிரி மினுக்கிட்டு இருந்தது, மீட்டர்ல 0.7. அதுக்கும் கீழ போனா டிரான்சிஸ்டர் திறக்கவே சிரமப்படும். ஓசி கரண்ட்னு வீடியோல அளக்கிறாங்க, அதெல்லாம் புருடா, செல்லுல மிச்சம் இருக்கிறதை வழிச்சு எடுக்குது அவ்ளோதான். வழிச்சு முடிச்சதும் செல்லை கழட்டிடணும், இல்லேன்னா ஒழுகி எல்லாத்தையும் அரிச்சிடும். தோட்டத்துல செருகி வைக்கிற சோலார் விளக்குலயும் 1.2 வோல்ட் செல் ஒண்ணுதான் இருக்கும், அங்கயும் ஒரு சின்ன ஐசியும் (சில்லு) காயிலும் இதே மாதிரி வேலைய தான் பண்ணுது.

படம் பேனால வரைஞ்சு இதோட வச்சிருக்கேன். பிசி547ஐ தட்டையான பக்கம் நம்மள பார்க்கிற மாதிரி புடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். தயவுசெஞ்சு இதையாவது கால் மாத்தி அச்சடிச்சிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய ரேடியோ மெக்கானிக் ஒருத்தர்,
விருதுநகர்