கொடைக்கானல் நகர்மன்றத்துக்கு வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு டீச்சரின் திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

ஆனந்தகிரியில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டைப் போன சித்திரையில் காலி செய்தோம். வீட்டுக்காரர் இப்போது அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். நல்ல மனிதர்தான். "டீச்சர், நீங்க மாசம் தர்ற எட்டாயிரம் எனக்கு ரெண்டு ராத்திரியில வந்துடுது" என்றார். கணக்கு சரிதான், நான் என்ன பதில் சொல்ல?

இன்றும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடக்கிறேன். பிள்ளைகளின் யூனிஃபார்ம் காய்ந்த கொடியில் இப்போது ஒரே மாதிரி வெள்ளை விரிப்புகள் ஆறேழு தொங்குகின்றன. வாசலில் நம்பர் அழுத்தித் திறக்கும் பூட்டு. சாவி கொடுக்கக்கூட ஆள் வருவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் லாரி நின்று குழாய் போடுகிறது. நாங்கள் நாலு பேர் இருந்தபோது லாரியே கூப்பிட்டதில்லை.

வீட்டுக்காரரே சொன்னதுதான்: சொத்து வரி ரசீதில் அது இன்னும் குடியிருப்பு. மின்சாரமும் வீட்டு இணைப்பு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022-ல் சொத்து வரியைத் திருத்தியபோது 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதமும் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். வீடு வேறு, வியாபாரம் வேறு என்று அரசே பிரித்து வைத்திருக்கிறது. ராத்தங்கலுக்கு விடும் வீடுகளை மட்டும் யாரும் வியாபாரக் கணக்கில் மாற்றி எழுதவில்லை.

ஜிஎஸ்டி போகிறதே என்பார்கள். போகிறது. வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு வாங்காத சின்ன ஆளாக இருந்தாலும், ஏர்பிஎன்பி மாதிரி அறை புக்கிங் எடுக்கும் இணையத் தளமே வரியை வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு இப்போது 5 சதவீதம். ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் கணக்கில் சேர்கிற பணம். ஞாயிறு ராத்திரி அந்த வாசலில் குவியும் குப்பையை அள்ளுவது உங்கள் தூய்மைப் பணியாளர்கள்.

பார்சிலோனாவில் 2028-க்குள் சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமம் எல்லாவற்றையும் புதுப்பிக்காமல் விடப்போவதாக மேயர் அறிவித்திருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, சீசனை நம்பித்தான் இந்த ஊர் சாப்பிடுகிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து நடப்பதில் ஒரு பாதியை மட்டும் கேட்கிறேன். அங்கே 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடுகிறவர் நகர நிர்வாகத்தில் பதிய வேண்டும், அவரும் அங்கேயே இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத வீட்டுக்குத் தளங்கள் புக்கிங் எடுக்கக் கூடாது.

அந்தப் பதிவு எண் இங்கேயும் வரட்டும். நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், கணவர் போன பிறகு மாடி அறையை விட்டுத்தான் மகளைப் படிக்க வைக்கிறார். விருந்தாளிக்குக் காலையில் இட்லி அவர் கையால்தான். அவருக்குப் பதிவு போதும், வீட்டு வரியே இருக்கட்டும். வெளியூரில் இருந்துகொண்டு மூன்று நாலு வீடு வாங்கி, ஆளே குடியில்லாமல் நடத்துகிறவருக்கு வணிகக் கட்டடச் சொத்து வரியும் தொழில் உரிமமும் போடுங்கள். அப்புறம் வில்பட்டி மாதிரியான பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொழில் எல்லை தாண்டி அங்கே நகர்ந்துவிடும், அங்கே குடியிருப்பவர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எண்ணுவது முடியாத காரியம் இல்லை. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளை இ-பாஸ் போட்டு எண்ணுகிறோம். 2025 சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பே வைத்தார்கள். எத்தனை குடியிருப்பு வீடுகள் காட்டேஜாக மாறிவிட்டன என்ற கணக்கையும் வார்டு வாரியாக எடுத்து மன்றக் கூட்டத்தில் வையுங்கள். முதலில் அது போதும்.

ஜூனில் எங்கள் பள்ளிக்கு இரண்டு டீச்சர்கள் புதிதாக வருகிறார்கள். வீடு பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாகப் பார்க்கிறேன், மாத வாடகைக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்படிக்கு,
ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒருத்தி