கப்பல் பணியாளர்களுக்கான பெருந்தொற்றுக் கால நடைமுறையை இப்போதே வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கப்பல் முகவர் நிறுவனத்தில் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன்,
ராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்
துறைமுக சுகாதார அலுவலர் அவர்கள்,
துறைமுக சுகாதார அலுவலகம்,
சென்னை.

பொருள்: பெருந்தொற்றுக் காலத்தில் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வரும் வணிகக் கப்பல் பணியாளர்கள் இறங்குதல், ஏறுதல், சிகிச்சை பெறுதல் ஆகியவற்றுக்கு நிலையான நடைமுறையை முன்கூட்டியே வகுத்து வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் போர்டிங் கிளார்க்காகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கப்பல் பெர்த்தில் (துறைமுக மேடையில்) கட்டியதும் ஏறி, பணியாளர் பட்டியல், சுகாதார அறிவிப்புப் படிவம், பாஸ்போர்ட், சிடிசி எனப்படும் மாலுமியின் பணிச் சான்றுப் புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி உரிய அலுவலகங்களில் சேர்ப்பது என் பணி. 2020, 2021 இரண்டு ஆண்டும் அந்தப் பணியில்தான் இருந்தேன். அடுத்த தொற்று வரும்போது, கப்பலில் இருக்கும் மனிதர்கள் விஷயத்தில் முடிவெடுப்பவர் யார், எத்தனை மணி நேரத்துக்குள் எடுப்பார் என்பதை இன்றே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டே இந்த மனுவை எழுதுகிறேன்.

கட்டுப்பாடே கூடாது என்று கேட்பவன் இல்லை நான். 2020 மே மாதம் சென்னையிலேயே தொற்று அதிகம் இருந்த மண்டலங்களில் எங்கள் ராயபுரம் முன்னால் நின்றது. துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர்களும் லாரி ஓட்டுபவர்களும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்குகளும் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். கப்பலில் இருந்து நோய் இறங்கினால் அது முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் பயந்த நேரத்தில் அவசர அவசரமாகப் போடும் உத்தரவை நம்பாமல், யோசித்து எழுதிய விதி வேண்டும் என்கிறேன்.

அந்தக் காலத்தில் சரக்கு ஒரு நாளும் நிற்கவில்லை. பாரதீப்பில் ஏற்றிய நிலக்கரி எண்ணூருக்கு வந்துகொண்டே இருந்தது. வட சென்னை அனல் மின் நிலையம் ஓடியது. ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நமக்கு மின்விசிறி சுழன்றது. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான கச்சா எண்ணெயும் வந்தது. கொண்டுவந்த ஆட்கள் மட்டும் இறங்க முடியவில்லை. உலகம் முழுவதும் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே இருந்தவர்கள் ஒரு கட்டத்தில் சுமார் 4 லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்குச் சொன்னது. சிலர் 17 மாதங்களுக்கும் மேலாகக் கப்பலிலேயே இருந்தார்கள். இந்தியா 2015ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு மாலுமி தொடர்ந்து கப்பலில் இருக்கக்கூடிய காலம் 12 மாதத்துக்கும் குறைவு. ஓய்வில்லாத கை கிரேனை இயக்குவதும், தூக்கமில்லாத கண் இரவில் ரேடாரைப் பார்ப்பதும் துறைமுகத்துக்கும் ஆபத்துதான்.

அந்த நாட்களில் நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மொத்தச் சரக்குக் கப்பல் ஒன்று பெர்த்தில் கட்டியிருந்தது. கப்பலில் ஏறும் படியான கேங்வேயின் அடியில் ஒரு மேசை, அதன்மேல் சானிடைசர் புட்டி, வெப்பமானி, நூல் கட்டிய பேனாவோடு ஒரு பதிவேடு. என்னை அதற்கு மேல் விடவில்லை. மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர். கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, ஒரு கன்னம் கண் வரைக்கும் வீங்கியிருந்தது. துண்டில் ஐஸ் கட்டி வைத்து அழுத்திக்கொண்டே, "அண்ணே, ஒரு ஊசியாவது போடச் சொல்லுங்கண்ணே" என்றார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பரிசோதனையிலும் தொற்று இல்லை. சொந்த மாநிலத்தின் தரை அவர் காலுக்கு இருபது அடி கீழே இருந்தது. இறக்கலாமா என்று நாங்கள் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் இன்னோர் இடத்தைக் கை காட்டினார்கள். கயிற்றில் இறக்கிய வாளியில் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வைத்து மேலே அனுப்பியதுதான் எங்களால் ஆனது. கப்பல் கிளம்ப இருந்த நேரத்தில் வாய்மொழியாக அனுமதி வந்தது. இறங்கினால் திரும்ப ஏற விடுவார்களா, விடாவிட்டால் ஊருக்குப் போக யார் பாஸ் தருவார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் இல்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீங்கிய முகத்தோடேயே அடுத்த துறைமுகத்துக்குப் போனார்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அன்று பணியில் இருந்த எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். குறை எங்கே என்றால், ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு சுற்றறிக்கை இருந்தது. சுகாதாரம், இமிக்ரேஷன், துறைமுக நிர்வாகம், மாநில அரசு என்று நான்கு பேரும் சம்மதித்தால்தான் ஒருவர் இறங்க முடியும். மறுப்பதற்கு ஒருவர் போதும். உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட நடைமுறை பெரிய ஆறுதலாக வந்தது. ஆனால் அது இந்திய மாலுமிகளுக்கு மட்டும். அதன்படி இறங்கியவருக்கும் வழி, நேரம், வாகனம் எல்லாம் குறித்த பாஸ் வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட காலம் அது. ராமநாதபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் போக வேண்டியவர்கள் சென்னை விடுதி அறையில் செல்போனைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

நம் ஆட்களுக்கு வெளியே இதுவே நடந்தபோது நமக்குச் சுட்டது. ஜக் ஆனந்த் கப்பலின் 23 இந்தியர்கள் 2020 ஜூனிலிருந்து சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தார்கள். ஆள் மாற்ற அனுமதி கிடைக்காமல் 2021 ஜனவரியில் ஜப்பானின் சிபா துறைமுகத்துக்குப் போய்த்தான் இறங்கினார்கள். அனஸ்டேசியா கப்பலின் 16 இந்தியர்களுக்கும் சாவோஃபெய்டியன் அருகே அதே கதி. மனிதாபிமானத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று நம் அரசு பெய்ஜிங்கிடம் கேட்டது. சென்னையின் வெளிக்கடலில் நிற்கும் கப்பலில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரருக்கும் வங்கதேசத்தவருக்கும் நாம் செய்ய வேண்டியதும் அதுவே அல்லவா?

இத்தாலியக் கப்பல் ஒன்றின் கதை எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இடால் லிபெரா என்ற அந்தக் கண்டெய்னர் கப்பலின் கேப்டன் 2021 ஏப்ரலில் கோவிட் கண்டு கடலிலேயே இறந்தார். உடலை இறக்க நாடு நாடாகக் கேட்டும் அனுமதி இல்லை. கடைசியில் அந்தக் கப்பல் ஜூன் மாதம் அவர் உடலோடு இத்தாலிக்கே திரும்பியது. இறந்தவரை இறக்கக்கூட ஒரு வழிமுறை எழுதி வைக்காத உலகமாக இருந்தது அன்று.

இப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 2022ல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. உடனடிச் சிகிச்சை தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றி இறக்கிக் கரையில் மருத்துவ வசதி தர வேண்டும், இறந்தவரின் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப உதவ வேண்டும் என்று அவை சொல்கின்றன. சர்வதேச சுகாதார விதிகளின் 28ஆம் பிரிவும் பொது சுகாதாரத்தைக் காரணம் காட்டிக் கப்பலைத் துறைமுகத்துக்கு வரவிடாமல் தடுக்கலாகாது என்கிறது. சோதிக்கலாம், கிருமி நீக்கச் சொல்லலாம். மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக அறிவிக்கும்படி ஐ.நா. பொதுச்சபை 2020 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. நம் வணிகக் கப்பல் சட்டமும் 2025ல் புதிதாக வந்திருக்கிறது. இவை அனைத்தும் டெல்லியிலும் மும்பையிலும் ஜெனீவாவிலும் இருக்கும் காகிதங்கள். கேங்வே அடியில் நிற்கும் காவலர் கையில் இருக்க வேண்டிய காகிதம் ஒன்றுதான் இல்லை. அதை எழுதும் பொறுப்பைத் தங்கள் அலுவலகம் முன்னின்று ஏற்க வேண்டும்.

அதில் முதலாவதாக வர வேண்டியது, தொற்று அறிவிக்கப்பட்டால் மூன்று துறைமுகங்களுக்கும் சேர்த்து இரவு பகலாக இயங்கும் ஒரே தொடர்பு அலுவலர் யார் என்பது. இமிக்ரேஷன், துறைமுக நிர்வாகம், மாநகராட்சி, மாநிலப் பொது சுகாதாரத் துறை ஆகியவற்றிடம் அவரே பேசி முடிவு வாங்க வேண்டும். ஏஜென்ட் நான்கு படி ஏறக்கூடாது. கோரிக்கை வந்த நேரமும் முடிவு தந்த நேரமும் பதிவாக வேண்டும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து, பிரசவம் போன்றவற்றுக்கு எவர் அனுமதிக்கும் காத்திராமல் இறக்கலாம் என்று முன்னதாகவே ஆணை இருக்கட்டும். தொற்று உள்ளவர் என்றால் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையா, மற்றவர்களுக்கு ஸ்டான்லியா, துறைமுக மருத்துவமனையா என்பதும், எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வரும் என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கட்டும். சிகிச்சை முடிந்தவர் திரும்ப ஏறலாம், கப்பல் போய்விட்டால் ஊருக்கு அனுப்பி வைக்கப்படுவார் என்ற வரியை மறந்துவிடாதீர்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஃபிட்டர் இறங்கியிருப்பார்.

14 நாள் தனிமைப்படுத்தல் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து சென்னைக்கு இரண்டு நாள் ஓட்டம். சிங்கப்பூரிலிருந்து ஐந்து நாள். கடைசித் துறைமுகத்தை விட்டு 14 நாள் ஆகாத கப்பலை வெளிக்கடலில் நிறுத்தினால் கண்டெய்னர் கப்பல்கள் பாதி மாதம் நங்கூரத்திலேயே கழிக்கும். ஆனால் நடுக்கடலில் வெளியாள் ஒருவரும் ஏறாமல் கழிந்த ஒவ்வொரு நாளும் தனிமைப்படுத்தலே. முந்தைய துறைமுகத்தில் யாராவது புதிதாக ஏறினார்களா, யாராவது கரைக்குப் போனார்களா, தினசரி வெப்பநிலைப் பதிவு என்ன சொல்கிறது என்பதை வைத்துக் கப்பலுக்குக் கப்பல் கணக்கிடலாம். எல்லோருக்கும் ஒரே எண் என்பது அலுவலகத்துக்கு எளிது, நோயைத் தடுக்க அது போதாது. நோய்க்கு ஏற்ற நாட்களை மருத்துவர்களாகிய தாங்கள் தீர்மானியுங்கள். கடலில் கழிந்த நாளைக் கழித்துக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இறங்குபவருக்குக் கொடுக்கும் பாஸ் அவர் சொந்த ஊர் வரைக்கும் செல்ல வேண்டும், நடுவில் எந்த மாவட்டமும் வேறு பாஸ் கேட்கக் கூடாது. வெளிநாட்டவருக்கு கேட்டிலிருந்து விமான நிலையம் வரை, அல்லது இடையில் குறித்த ஒரு விடுதி வரை, பாதுகாப்பான வழி போதும். பதிலுக்கு ஏற வரும் ரிலீவர் பரிசோதனை முடித்துத் தனித்துத் தங்கியவராக இருக்க வேண்டும் என்பதில் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் இருங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் ஒரு கசப்பான பாடம் உண்டு. கோவாக்சின் போட்டுக்கொண்ட நம் பையன்கள் பலர், உலக சுகாதார நிறுவனம் அதை 2021 நவம்பர் 3 அன்று அங்கீகரிக்கும் வரை வேலைக்குச் சேர முடியாமல் வீட்டில் இருந்தார்கள். கோவிஷீல்டு போட்டவர்களுக்கு இரண்டாம் ஊசிக்கு 12 வாரம் என்ற இடைவெளி, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு 28 நாளாகத் தளர்த்தப்பட்டது ஜூன் மாதத்தில்தான். அதற்குள் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போன வீடுகளை எனக்குத் தெரியும். அடுத்த முறை சிடிசி காட்டுகிறவருக்குத் துறைமுக மருத்துவமனையிலேயே, கப்பல்கள் ஏற்கும் ஊசியை, முதல் வரிசையில் போட வேண்டும். பெர்த்தில் நிற்கும் கப்பலின் பணியாளருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், அதே ஊசி கிடைக்க வேண்டும்.

எந்தக் கட்டுப்பாட்டுக்கும் முடிவுத் தேதி இருக்கட்டும். முப்பது நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்து, தேவையென்றால் காரணம் எழுதி நீட்டிக்கலாம். தானாக முடியாத உத்தரவை யாரும் வந்து முடித்துவைப்பதில்லை. நகரம் சகஜமான பிறகும் மாலுமி கரைக்கு இறங்கிவரும் ஷோர் லீவ் மட்டும் பூட்டிக் கிடக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை ஒன்றும் நடத்தலாம்: வெளிக்கடலில் ஒரு கப்பல், அதில் ஒரு நோயாளி, நள்ளிரவு நேரம். யார் போனை எடுக்கிறார், எந்தப் படகு போகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

இந்த நடைமுறையை வகுக்கத் தாங்கள் கூட்டும் கூட்டத்தில், இப்போது பணியில் இருக்கும் மாலுமிகளின் பிரதிநிதி ஒருவரையும் துறைமுகத் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரையும் உட்கார வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் நானும் வந்து அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் காகிதம் எங்கே நின்றது என்பதை வரிசையாகச் சொல்லத் தயாராக இருக்கிறேன். மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்:
தலைவர், சென்னைத் துறைமுக ஆணையம்.
முதன்மை அலுவலர், வணிகக் கடல்துறை, ஆங்கர் கேட் கட்டடம், ராஜாஜி சாலை, சென்னை.
இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.