எங்கள் பள்ளிக் கால்பந்து அணிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக இதை எழுதுகிறேன். இந்தப் பருவம் முடிந்துவிட்டது, கோப்பை எதுவும் வரவில்லை, ஆனாலும் நன்றி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் கோச் சாருக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. தொழில்முறை கிளப்புகளில் பல வருடம் நடுக்களத்தில் ஆடி, பிறகு அங்கேயே பயிற்சியும் கொடுத்தவர். நன்றாக ஆடியவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வந்துவிடாது, தங்களுக்குத் தானாக வந்ததை அடுத்தவருக்கு எப்படி விளக்குவது என்று தடுமாறுவார்கள். இவருக்கு அது கைவந்த கலை. ஆரம்பத்தில் ஷூட்டிங்கே கிடையாது, பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். பாஸ் வருவதற்கு முன்னால் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். பந்துக்காக ஒருவன் நிற்பான், இவர் அவன் முதுகுப் பக்கம் போய் மஞ்சளோ சிவப்போ ஒரு கோனைத் தூக்கிப் பிடிப்பார், பந்து காலுக்கு வருவதற்குள் அவன் நிறத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் பந்தையே முறைத்துக்கொண்டு குத்துமதிப்பாக ஏதோ ஒரு நிறத்தைக் கத்தினார்கள். போகப் போகப் பார்த்தால், பந்தை வாங்கும்போதே உடம்பைப் பாதி திருப்பி, அடுத்த பாஸ் யாருக்கு என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த வார்ம்-அப். ஃபிஃபா 11+ என்று காயங்களைக் குறைப்பதற்காகவே வகுத்த 20 நிமிடப் பயிற்சி, அதில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க விடமாட்டார். அதில் ஒன்றில், முழங்காலிட்டவனின் கணுக்காலைக் கூட்டாளி அழுத்திப் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாய வேண்டும், தொடையின் பின்தசை கதறும். தானும் கூடவே செய்து, தானும் முனகுவார் (அது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம்).

ஒன்றை மட்டும் மறக்கவே முடியாது. அரையிறுதியில் எங்கள் தடுப்பாட்டக்காரனுக்குத் தலையோடு தலை மோதியது. எழுந்து நின்று, எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன் என்று கெஞ்சினான். சமநிலையில் இருந்த ஆட்டம், நல்ல மாற்று ஆளும் இல்லை. கோச் சார் யோசிக்கவே இல்லை, அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அதில் பேச்சே இல்லை என்றார். பார்வையாளர் பக்கமிருந்து சிலர் சத்தம் போட்டார்கள், தோற்றும் போனோம். அந்தப் பையன் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பினான். இத்தனை வருடம் களத்தில் இருந்தவர் சொன்னதால்தான் அவன் கேட்டான், நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான்.

மழை பெய்த மறுநாளும் கோடு போட்டுத் தந்த மைதானக்காரர், வெளியூர் ஆட்டங்களுக்குக் காரில் அழைத்துப் போன பெற்றோர், பயிற்சியில் அணி பிரிக்க மேலே மாட்டும், வியர்வை நாறும் பிப்புகளை வாராவாரம் துவைத்துத் தந்த அம்மா, சம்பளம் வாங்காமல் வந்த பிசியோ, உங்கள் யாரையும் விட்டுவிடவில்லை, மனமார்ந்த நன்றி.

கோச் சார், அடுத்த பருவத்துக்குக் கோல்கீப்பர்கள் இரண்டு பேருமே புதுசு. வந்து பார்த்துவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்லுங்கள்.