ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதிக்கட்டும்

ஐயா, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டச் சொல்லும் 2021 தகவல் தொழில்நுட்ப விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பற்றிய செய்தி படித்தேன். ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோர் செய்தியிலும் அடையாளம் பொறிக்க வேண்டிவரும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் மறையாக்கமே உடைந்துபோகும். குற்றவாளியைப் பிடிக்கத்தானே என்கிறார்கள். சரி, வாங்கிய தகவலை யார் காக்கிறார்கள்? அம்மாவுக்குப் புது சிம் வாங்க ஆதாரும் கைரேகையும் கொடுத்த மறுவாரமே, அவர் பெயரைச் சொல்லிக் கடன் வேண்டுமா என்று அழைப்பு. அந்த எண்ணை உறவினருக்குக்கூட நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலரின் உத்தரவே போதும்; அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அரசுச் செயலர்கள்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகும் இது நீடிப்பது அநியாயம். நீதிபதியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கி 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.