எங்களுக்காக வழக்காடியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கும், உங்களோடு உழைத்த இளம் வக்கீல்களுக்கும், குமாஸ்தா அண்ணனுக்கும், இலவசமாக வழக்காடும் உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பிய முகம் தெரியாத அன்பர்களுக்கும்,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மீதிருந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்துவிட்டது. உத்தரவு நகலும் கைக்கு வந்துவிட்டது. உங்கள் உதவி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கண்மாயில் குப்பை கொட்டாதீர்கள் என்று மனு மேல் மனு கொடுத்தும் பலனில்லாமல், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே அட்டை பிடித்து ஓரமாக நின்றோம். அவ்வளவுதான். சட்டவிரோதமாகக் கூடினோம், தடை உத்தரவை மீறினோம், வழியை மறித்தோம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 143, 188, 341 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். "சின்ன கேஸ்தானே" என்று சொன்னவர்கள் உண்டு. சிங்கப்பூர் வேலைக்குப் பாஸ்போர்ட் கேட்டிருந்த பையனுக்கு அந்தச் சின்ன கேஸ்தான் போலீஸ் விசாரணையில் முட்டுக்கட்டையாக நின்றது. அவன் அம்மா எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வக்கீலம்மா, நீங்கள் எங்களை மதுரைக்கு அலைக்கழிக்காமல் ஊருக்கே வந்தீர்கள். அம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எஃப்.ஐ.ஆரை வரி வரியாகத் தமிழில் விளக்கினீர்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்று தனித்தனியாகக் கேட்டீர்கள். யாரோ செல்போனில் எடுத்த படத்தில், எங்களைத் தாண்டி டவுன் பஸ் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். வக்கீலை நியமிக்கும் வக்காலத்துத் தாளில் கைநாட்டு வைக்கப் பயந்த பேச்சியம்மாள் பாட்டியிடம், அது எதற்கு என்று இரண்டு முறை பொறுமையாகச் சொன்னீர்கள். அதற்கு முன் எந்த அதிகாரியும் பாட்டியிடம் எதையும் விளக்கியதில்லை.

தடை உத்தரவை மீறியதாகச் சொல்லும் 188-ஆம் பிரிவில் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். அமைதியாகப் போராடுவதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லிவிட முடியாது என்றும் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்திருக்கிறார். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு அது. யாரோ முன்பு நடந்து வழக்காடியதால் எங்களுக்குப் பாதை கிடைத்தது. 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறி 188 இப்போது 223 ஆகிவிட்டது. எழுத்துப் புகார் வேண்டும் என்ற விதி மாறவில்லை. போராட்டத்துக்குக் கிளம்பும் ஊர்க்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாம் வருமானம் பார்க்காமல் அரசின் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலேயே இலவச வக்கீல் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. எங்களில் சிலருக்கு அது பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. நீங்கள் எங்களைப் பிரிக்காமல் மொத்தமாக ஏற்றுக்கொண்டீர்கள்.

நன்கொடை தந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை என்பதற்காக இந்த வழக்குக்குச் செலவே ஆகவில்லை என்று அர்த்தமில்லை. வக்கீல் சேமநல ஸ்டாம்ப், டைப்பிங், கட்டுக்கட்டாக ஜெராக்ஸ், சான்றிட்ட நகல், பஸ் கட்டணம் எல்லாம் நீங்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்பியதிலிருந்து போனது. எங்கள் கண்மாயை நீங்கள் பார்த்ததுகூடக் கிடையாது. பேசவும் ஆயுதமின்றிக் கூடவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது உங்கள் பணம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் செய்தாலும் எடுத்து, "வாய்தா தள்ளிப் போயிருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொன்ன குமாஸ்தா அண்ணனையும் மறக்க மாட்டோம்.

பையனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கண்மாயில் குப்பை கொட்டுவது இன்னும் நிற்கவில்லை. அடுத்த மனுவும் தயார். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு வசூலித்த பணத்தை அறக்கட்டளைக்கு அனுப்பியிருக்கிறோம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வக்கீலம்மா. அடுத்து எந்த ஊர்க்காரர்கள் வந்து நிற்கிறார்களோ, அவர்களின் ஸ்டாம்ப் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஊர் மக்கள் சார்பில்