விரால் முட்டையும் வண்டி ஆயிலும்

ஆசிரியருக்கு வணக்கமுங்க. கொளத்துல மீன் செத்து மெதந்தா உங்க பேப்பர்ல போட்டோவோட நியூஸ் வருது, சாவாம சீக்கு புடிச்சுக் கெடக்கற மீனப் பத்தி யாரும் எழுதறதில்லீங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் சூலூர் பக்கம், ஞாயித்துக்கெழமையானா தூண்டில எடுத்துட்டு கொளத்துக்குப் போயிருவேன். போன ஐப்பசி மழைக்கப்பறம் வாய்க்கா வந்து சேர்ற மூலைல தண்ணி மேல மயில் கழுத்தாட்டம் பளபளன்னு மெதக்குது, என்ர பையன் வானவில்லுங்கறான், கைய விட்டுப் பாத்தா பிசுபிசுன்னு பழைய எஞ்சின் ஆயில். வாய்க்காலுக்கு மேல ரெண்டு வண்டி சர்வீஸ் கடை இருக்குது, பேரு வேண்டாமுங்க. ஒரு பைக்குக்கு ஆயில் மாத்துனா முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் கழிவு வரும், சாக்கடைல சாச்சுட்டா மிச்சத்த மழை பாத்துக்குது.

விரால் முட்டை தண்ணிக்கு அடில கெடக்காதுங்க, மேல மெதக்கும், ஆயிலும் அங்கதான் மெதக்குது. போதாததுக்கு விராலுக்கு செவுள் மட்டும் பத்தாது, அப்பப்ப மேல வந்து காத்துக் குடிச்சே ஆகோணும், குடிக்கறப்பெல்லாம் ஆயிலுக்குள்ளதான் வாய வெக்கோணும். பெருசு எப்படியோ தாங்கும், முட்டைக்குள்ள இருக்கற குஞ்சு தாங்காது. ஆயில்ல இருக்கற பிஏஹெச்ங்கற நஞ்சு இதயம் உருவாகறப்பவே கெடுத்துரும், நெஞ்சுல நீர் கோத்து முதுகு வளைஞ்சு நீந்தவே முடியாது. ஜிலேபி மீன் வாய்க்குள்ளயே முட்டைய வெச்சுக் காப்பாத்தும், அதனாலயோ என்னமோ அது மட்டும் இன்னும் மாட்டுது.

அதுலயும் ஒரு கூத்துங்க. அறுத்துப் பாத்தா கறி வெள்ள வெளேர்னுதான் இருக்கும், ஏன்னா மீனோட ஈரல் அந்த நஞ்ச ஒடச்சு பித்தத்துல தள்ளி விட்டுருது, கெடறது ஈரல்தான். ஆனா கொழம்பு கொதிக்கறப்ப டீசல் வாடை வந்துச்சு, வீட்டுக்காரி சட்டியோட கொண்டு போய் கொட்டிப்போட்டா.

கழிவு ஆயில் அபாயக் கழிவுன்னு மத்திய அரசோட 2016 கழிவு விதியிலயே இருக்குது, ரீசைக்கிள் பண்ண அனுமதி வாங்குனவங்க கிட்டதான் குடுக்கோணும். நாலு கடைக்கு ஒரு பேரல் வெச்சு மாசம் ஒருக்கா எடுத்துட்டுப் போக பஞ்சாயத்து ஏற்பாடு பண்ணுனா என்ன, கடைக்காரங்களும் கெட்டவங்க இல்ல, எங்க கொண்டு போறதுன்னு தெரியாமத்தான் ஊத்தறாங்க.

முன்னெல்லாம் அந்த மூலைல விரால் குஞ்சு செவப்பா கூட்டங்கூட்டமா மேல வரும், இந்த வருசம் ஒரு கூட்டம்கூட கண்ணுல படல. உங்க நிருபர் யாராச்சும் வந்தா நானே கூட்டிட்டுப் போய் காட்டறேனுங்க, மழை பேஞ்ச மக்யா நாள் வரச் சொல்லுங்க.

– ஒரு தூண்டில்காரன், சூலூர்